பட்டியலில் இல்லாத வீடு

பெயரைப் போடு, படத்தைப் போடு, முகவரியைப் போடு, ஊருக்கே தெரியட்டும். ஒவ்வொரு பாலியல் வன்கொடுமைச் செய்திக்குப் பிறகும் இந்தக் குரல் எழுகிறது. தொலைக்காட்சி விவாதங்களில் எழுகிறது; என் வகுப்பறையிலும் எழுகிறது. கூடவே ஒரு முன்மாதிரியும் காட்டப்படும்: "அமெரிக்காவுல இருக்கே மேடம், நம்ம தெருவுல யாரு அப்படிப்பட்டவன்னு போன்லயே பாத்துக்கலாமாம்." பார்த்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். அந்நாட்டின் பாலியல் குற்றவாளிகள் பதிவேடுகளில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. இதைக் கேட்கும் பெண்களின் கோபம் என்னுடையதும்தான். அந்தக் கோபத்தை வாங்கி வைத்துக்கொண்டு அரசு பதிலுக்கு நம் கையில் கொடுக்கிற பொருள் எது என்பதில்தான் எனக்குச் சண்டை.

முதலில் அது இயங்கும் விதம். இங்கே பலர் நினைப்பதுபோல் அமெரிக்கா முழுமைக்கும் ஒரே பட்டியல் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிப் பதிவேடு. கலிஃபோர்னியா 1947லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அன்று அது காவல்துறையின் பெட்டிக்குள் இருந்த பட்டியல். ஊர் பார்ப்பதற்கானது இல்லை. 1990இல் வாஷிங்டன் மாநிலம் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 1994இல் மத்திய அரசு எல்லா மாநிலங்களும் பதிவேடு வைத்தாக வேண்டும் என்றது. 1996இல் அந்த விவரங்களை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்றது. 2006இல் வந்த சட்டம் குற்றங்களை மூன்று படிகளாகப் பிரித்தது. முதல் படிக்கு 15 ஆண்டு, இரண்டாவதற்கு 25 ஆண்டு, மூன்றாவதற்கு ஆயுள் முழுக்கப் பதிவு. படிக்குத் தக்கபடி ஆண்டுக்கொரு முறையோ, ஆறு மாதத்துக்கொரு முறையோ, மூன்று மாதத்துக்கொரு முறையோ நேரில் போய் நிற்க வேண்டும். இதற்கு இணங்காத மாநிலத்துக்குக் காவல் பணிகளுக்காக வரும் மத்திய நிதி ஒன்றில் 10% வெட்டு. பல மாநிலங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தன. சட்டத்தை நிறைவேற்ற ஆகும் செலவைவிட வெட்டுப்படும் தொகை குறைவு என்று தெரிந்ததும் பேசாமல் இருந்துவிட்டன. இன்றுவரை பாதிக்கும் குறைவான மாநிலங்களே அச்சட்டத்துக்கு முழுமையாக இணங்கியிருக்கின்றன. பெண்களின், குழந்தைகளின் பாதுகாப்பு என்று பெயர் சூட்டிய ஒன்றில் அரசுகள் வரவுசெலவு பார்க்கும் அழகு இது.

சிறையிலிருந்து வெளியே வருபவர் குடியிருக்கும் பகுதியின் ஷெரிஃப் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போய்க் கைரேகை, புகைப்படம், வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம், வண்டி எண் எல்லாம் கொடுக்க வேண்டும். வீடோ வேலையோ மாறினால் மத்தியச் சட்டப்படி மூன்று வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அது தனிக் குற்றம், மீண்டும் சிறை. நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் ஒருவர் மறுபடி குற்றம் செய்யக்கூடிய அபாயத்தை மதிப்பிட்டு நிலை பிரிக்கின்றன. வேறு மாநிலங்களுக்கு அந்தச் சிரமமெல்லாம் வேண்டாம்; எந்தச் சட்டப் பிரிவில் தண்டனை என்று பார்த்துவிட்டுப் படியில் ஏற்றிவிடுகின்றன. ஆகவே ஒரே மனிதர் ஒரு மாநிலத்தில் ஆயுள் முழுக்கக் கண்காணிக்கப்பட வேண்டியவராகவும், எல்லையைத் தாண்டினால் எந்தப் பதிவும் தேவைப்படாதவராகவும் இருக்க முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் குழந்தைகளின் பெயர்கள். ஜேக்கப், மேகன், ஆடம், ஜெசிக்கா. நம் நாட்டில் பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்வது குற்றம். டெல்லி மாணவிக்கு ஊடகங்கள் 'நிர்பயா' என்று வேறொரு பெயர் வைத்தன. அங்கே இறந்த குழந்தையின் பெயரே சட்டத்தின் தலைப்பாகிறது. சொற்களோடு புழங்கிப் பிழைப்பவள் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. ஒரு குழந்தையின் பெயரைத் தாங்கி வரும் மசோதாவை எதிர்த்து எந்த உறுப்பினர் வாக்களிப்பார்? கேள்வி கேட்பவர் அந்தக் குழந்தையின் தாய்க்கு எதிரியாகிவிடுவார். நான் சொன்ன நான்கு பேரும் வெள்ளையினக் குழந்தைகள் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

ஜேக்கப் வெட்டர்லிங் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1989 அக்டோபர் 22. மினசோட்டாவில் செயின்ட் ஜோசப் என்ற சிற்றூர். தம்பியோடும் நண்பனோடும் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 11 வயதுப் பையனை முகமூடி போட்ட ஒருவன் துப்பாக்கி முனையில் கடத்திப் போனான். அவன் தாய் பேட்டி வெட்டர்லிங் ஓயாமல் போராடினார். 1994இன் சட்டம் அந்தப் பிள்ளையின் பெயரில் வந்தது. கடத்தியவன் 27 ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் ஒப்புக்கொண்டான். எலும்புகளைக் காட்டிக் கொடுத்தான்.

அந்தப் பகுதியில் ஜேக்கப்புக்கு முன்பே சிறுவர்கள் தாக்கப்பட்டிருந்தார்கள். பெய்ன்ஸ்வில் என்ற பக்கத்து ஊரில் 1986 முதல் பல பையன்கள். 1989 ஜனவரியில் கோல்ட் ஸ்பிரிங் ஊரில் ஒரு பையன் கடத்தப்பட்டு, வன்கொடுமைக்கு ஆளாகி, விடப்பட்டான். அந்தப் பிள்ளைகள் வாய் திறந்து சொன்னார்கள். அந்தப் புகார்களில் யாரும் தண்டிக்கப்படவில்லை. 2018இல் அம்மாவட்ட ஷெரிஃபே விசாரணை எப்படியெல்லாம் தடம் புரண்டது என்று வெளிப்படையாகப் பேசினார். ஜேக்கப்பின் பெயரால் நாடெங்கும் உருவான பட்டியல்கள் 1989இலேயே இருந்திருந்தாலும் ஜேக்கப் காப்பாற்றப்பட்டிருக்க மாட்டான். தண்டனை பெற்றவனைத்தான் பட்டியல் அறியும். அந்த ஊருக்கு அன்று தேவைப்பட்டது, சொன்ன பிள்ளைகளின் சொல்லைக் கேட்கும் காது. பேட்டி வெட்டர்லிங் பின்னாளில், பதிவேடு எல்லை மீறி வளர்ந்துவிட்டது என்றும், குறிப்பாகச் சிறார்களை அதில் ஏற்றுவது தவறு என்றும் பேசத் தொடங்கினார். அந்தச் சட்டத்துக்காக நின்ற தாய் பேசுகிறார். சட்டமன்றங்களுக்கு அவருடைய கண்ணீர் தேவைப்பட்ட அளவுக்கு அவருடைய யோசனை தேவைப்படவில்லை.

இனி என் முதன்மையான குற்றச்சாட்டு. பொதுவெளிப் பட்டியல் ஆபத்தை இடம் மாற்றிக் காட்டுகிறது. தெருமுனையில், புதிதாகக் குடிவந்தவனிடத்தில், வரைபடத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும் வீட்டில் ஆபத்து இருப்பதாக அது தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2000இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். காவல்துறைக்கு வந்த புகார்களில், பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளில் 93% பேருக்கு அதைச் செய்தவர் தெரிந்தவர். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்து ஆளே. முன்பின் தெரியாதவர் 7%தான். நியூயார்க் மாநிலத்தின் 21 ஆண்டுக் கைது விவரங்களை எடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95%க்கும் மேற்பட்டோருக்கு அதற்கு முன் அத்தகைய தண்டனை எதுவும் கிடையாது. அதாவது கைதான நாளில் அவர்கள் பெயர் பட்டியலில் இருந்திருக்காது. அந்தத் தளத்தைத் திறந்து, "நம் தெருவில் யாரும் இல்லை" என்று மூச்சு விடும் தாயின் வீட்டுக் கூடத்தில் மாமா உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்குள் நடந்த குற்றம் வெளியே வந்து தண்டனையும் ஆகிவிட்டால் என்ன நடக்கிறது? தகப்பனின் படம், பெயர், முகவரி இணையத்தில் வரும். சில மாநிலங்களில் குற்றப் பிரிவின் பெயரும் வரும். நெருங்கிய இரத்த உறவில் நடந்தது என்பதை அந்தப் பிரிவின் பெயரே சொல்லிவிடும். பாதிக்கப்பட்டவரின் வயது விவரமும் பக்கத்தில் இருந்தால் அந்தத் தெருவுக்கு, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேறென்ன தெரிய வேண்டும்? பெண்ணின் பெயரை எழுதாமலே எழுதியாயிற்று. இது தெரிந்த தாய், மகள் வந்து சொல்லும்போது காவல் நிலையத்துக்குப் போவாளா, வீட்டுக்குள்ளேயே மூடி வைப்பாளா? குடும்ப மானம் என்ற பழைய பூட்டை உடைக்க நாம் இத்தனை ஆண்டுகள் பாடுபட்டோம். இந்தப் பட்டியல் அதே பூட்டுக்கு அரசு முத்திரை போட்டுத் தருகிறது.

'இந்த ஆண்களுக்காகவா வக்காலத்து வாங்குகிறாய்?' என்ற கேள்வி வரும் என்று தெரியும். மேகன் கான்காவுக்கு 7 வயது. 1994 ஜூலையில் நியூஜெர்சியில் எதிர்வீட்டுக்காரன் அவளை நாய்க்குட்டி காட்டுகிறேன் என்று அழைத்துப் போய்க் கொன்றான். அவன் ஏற்கெனவே குழந்தைகளிடம் நடத்திய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவன், அந்தப் பெற்றோருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் எச்சரித்திருப்போம் என்று அவர்கள் கதறியதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியாது. அந்தக் கதறலுக்கு அரசு கொடுத்த பதில் வேலை செய்ததா என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. அதே நியூஜெர்சியில் 2008இல் வெளியான ஆய்வு, மேகன் சட்டத்தால் மறுகுற்றங்கள் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை என்றது. பிரெஸ்காட், ராக்கஃப் என்ற இரு ஆய்வாளர்கள் பல மாநிலங்களின் தரவுகளை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. காவல்துறைக்கு மட்டும் தெரிந்த பதிவேடு மறுகுற்றங்களைக் குறைக்க உதவுகிறது. அதையே ஊருக்குத் திறந்துவிட்டால், பதிவானவர்கள் மறுபடி குற்றத்துக்குத் திரும்பும் போக்கு கூடக்கூடும். வேலை கிடைக்காது, வீடு கிடைக்காது, இழக்க ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்ட ஓர் ஆணை உருவாக்குவது எந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு?

வீடு என்றதும் மயாமி நினைவுக்கு வருகிறது. ஜூலியா டட்டில் என்ற பெண்தான் அந்த நகரத்தின் தாய் என்று போற்றப்படுகிறவர். கடல்மேல் செல்லும் ஒரு பாலத்துக்கு அவருடைய பெயர். பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் பதிவு பெற்றவர்கள் குடியிருக்கக் கூடாது என்று மயாமி-டேட் நிர்வாகம் விதி போட்டது. நெருக்கமான நகரத்தில் அப்படி வட்டம் போட்டால் மிஞ்சுவது எது? பாலத்தின் அடி. 2007 முதல் 2010 வரை அங்கே கூடாரங்களில் ஒரு குடியிருப்பே இருந்தது. நூறு பேர் வரை சேர்ந்தார்கள். கண்காணிப்பு அதிகாரிகளே அவர்களை அங்கே போய்த் தங்கச் சொன்னார்கள். இவர்களை நினைத்து நான் உருகவில்லை. ஆனால் யார் எங்கே இருக்கிறார் என்று கண்காணிக்கத்தானே பதிவேடு? கழிப்பறையும் மின்சாரமும் இல்லாத பாலத்தடியில் நூறு பேரைக் குவித்துவிட்டு அதற்குக் கண்காணிப்பு என்று பெயர் வைக்க ஓர் அரசாங்கத்தால்தான் முடியும். மிசூரி மாநிலம் 2008இல் போட்ட சட்டம் இன்னும் வேடிக்கை. ஹாலோவீன் இரவில் இவர்கள் வீட்டு வாசலில் 'இங்கே மிட்டாய் இல்லை' என்று பலகை மாட்ட வேண்டும் என்றது அது.

பட்டியல் யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது? இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

லூசியானா மாநிலத்தில் 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று 1805 முதல் ஒரு சட்டம் உண்டு. நம்முடைய பழைய 377ஆம் பிரிவுக்கு உடன்பிறப்பு. 1982இல் அதோடு ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: பணத்துக்காக வாய்வழி, குதவழி உறவுக்குச் சம்மதிப்பதே பெருங்குற்றம். சாதாரண விபச்சார வழக்கென்றால் சிறு குற்றம், பதிவேடு கிடையாது. இந்தப் பிரிவில் போட்டால் பாலியல் குற்றவாளி, பதிவேட்டில் பெயர். எந்தப் பிரிவில் போடுவது என்பது கைது செய்யும் போலீஸ்காரர், வழக்கு நடத்தும் வழக்கறிஞர் கையில். நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் அவர்கள் யார்மீது இதைப் போட்டார்கள்? ஏழைக் கறுப்பினப் பெண்கள்மீது, திருநங்கையர்மீது. எந்தக் குழந்தையையும் தொடாத, யாரையும் வற்புறுத்தாத பெண்களின் ஓட்டுநர் உரிமத்தில் 'பாலியல் குற்றவாளி' என்று ஆரஞ்சு நிறப் பெரிய எழுத்தில் அச்சடித்தார்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தம் குற்றத்தை அறிவிக்கும் அஞ்சலட்டைகளை அவர்களே சொந்தக் காசில் அனுப்ப வேண்டும். கடையில் அடையாள அட்டை காட்டும்போது, வேலைக்கு மனுப் போடும்போது, பிள்ளையின் பள்ளிக்குப் போகும்போது அந்த ஆரஞ்சு எழுத்துகள் கூடவே வரும்.

'விமன் வித் எ விஷன்' என்ற கறுப்பினப் பெண்களின் அமைப்பு அவர்களோடு நின்று போராடியது. இதே செயலுக்கு விபச்சாரப் பிரிவில் தண்டிக்கப்பட்டவர்களுக்குப் பதிவு இல்லை, இவர்களுக்கு மட்டும் எப்படி என்று மத்திய நீதிமன்றம் 2012 மார்ச்சில் கேட்டது. சட்டத்தின் முன் சமம் என்ற உரிமைக்கு இது எதிரானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் அந்த அமைப்பின் அலுவலகத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். மேலும் ஒரு வழக்குக்குப் பிறகுதான், 2013இல் நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் நீக்கப்பட்டன. அதற்குள் எத்தனை பேருடைய வாழ்வு அந்த ஆரஞ்சு எழுத்துக்குள் முடிந்துபோனது என்பதற்குப் பதிவேடு ஏதும் இல்லை.

அடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஜெஃப்ரி எப்ஸ்டீன். 2008இல் ஃப்ளோரிடாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனைக் காலத்திலும் பகலில் அலுவலகம் போய்வர அனுமதி. வெளியே வந்ததும் பதிவேட்டில் பெயர் ஏறியது. நியூயார்க்கில் அவனை மிகக் குறைந்த நிலையில் வைக்கலாம் என்று 2011இல் கேட்டது அவனுடைய வழக்கறிஞர் மட்டுமில்லை, மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகமும்தான். பெண் நீதிபதி ஒருவர் வியந்துபோய் அதை மறுத்து, மிக உயர்ந்த மூன்றாம் நிலையில் வைத்தார். மூன்றாம் நிலை என்றால் 90 நாட்களுக்கொரு முறை நேரில் வர வேண்டும். அவனுடைய முதன்மை வீடு கரீபியத் தீவில் இருக்கிறது என்ற காரணத்தால் நியூயார்க் காவல்துறை அதை வற்புறுத்தவில்லை. நியூமெக்சிகோவில் அவனுக்குப் பெரும் பண்ணை இருந்தது. அந்த மாநிலச் சட்டத்தின் வயதுக் கணக்குப்படி அவன் அங்கே பதிவு செய்யவே தேவையில்லை என்றார்கள். முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். மாநிலத்துக்கொரு சட்டம் என்பது ஒரே ஒரு முகவரி உள்ளவளுக்கு வலை, நான்கைந்து முகவரி உள்ளவனுக்கு வாசல். 2019 ஜூலையில் மறுபடி கைதாகும்வரை அவன் பெயர் பட்டியலில் இருந்தது. அவன் வீட்டு விருந்துக்குப் போன பெரிய மனிதர்கள் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பார்க்காமலா போனார்கள்? பட்டியலால் கூனிக் குறுக வேண்டுமென்றால் முதலில் அக்கம்பக்கத்தாரை நம்பி வாழ்கிற நிலையில் இருக்க வேண்டும். பணத்தின் தெருவில் அக்கம்பக்கம் கிடையாது.

நீதிமன்றங்களும் இந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தன. பாலியல் குற்றவாளிகள் மறுபடி குற்றம் செய்யும் விகிதம் 80% வரை போகும் என்ற எண் 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இடம்பெற்றது. அதை எடுத்துக்கொண்டு 2003இல் அலாஸ்கா வழக்கில், பொதுப் பதிவேடு தண்டனையே ஆகாது, வெறும் நிர்வாக ஏற்பாடு என்று தீர்ப்பானது. தண்டனை இல்லை என்றால் பழைய வழக்குகளுக்கும் பின்னோக்கிப் போடலாம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று 2015இல் இரு ஆய்வாளர்கள் தேடிப் போனார்கள். 1986இல் வெகுஜன உளவியல் இதழ் ஒன்றில் வந்த கட்டுரையில் போய் நின்றது. எழுதியவர் சிறையில் சிகிச்சைத் திட்டம் நடத்தியவர். எண்ணுக்குக் கட்டுரையில் எந்த ஆதாரமும் இல்லை. நீதித்துறையின் சொந்தக் கணக்கு 2003இல் வந்தது: 1994இல் 15 மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான பாலியல் குற்றவாளிகளில் மூன்றாண்டுக்குள் மறுபடி பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 5.3%. இந்த எண்ணைக் காட்டி ஆண்கள் திருந்திவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். வெளியே வராத குற்றங்கள் எத்தனை என்று பெண்களுக்குத் தெரியும். ஆனால் வெளியே வராத குற்றத்தைப் பட்டியலும் தொடாது என்பதுதானே என் வாதம்.

வெளியே கொண்டுவந்த பெண்களுக்கு என்ன நடந்தது? மிச்சிகனைப் பாருங்கள். வன்கொடுமைக்கு ஆளான பெண் மருத்துவமனையில் மணிக்கணக்கில் படுத்துத் தன் உடலிலிருந்து தடயங்களை எடுக்கக் கொடுக்கிறாள். அவற்றைப் பெட்டியிலிட்டு முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். 2009இல் டெட்ராய்ட் நகரக் காவல்துறையின் கிடங்கொன்றில் அப்படிப்பட்ட பெட்டிகள் 11,000க்கும் மேல் கிடந்தன. பிரிக்கவே இல்லை. பல பெட்டிகளுக்குப் பல ஆண்டு வயது. பின்னால் அவற்றைச் சோதித்தபோது நூற்றுக்கணக்கான தொடர் குற்றவாளிகள் அடையாளம் தெரிந்தார்கள். முதல் பெண்ணின் பெட்டியைப் பிரித்திருந்தால் அடுத்த பெண் தப்பியிருப்பாள். பெட்டிகள் தூசி தின்றுகொண்டிருந்த அதே காலத்தில் அதே மிச்சிகன் 1,000 அடி வட்டங்கள் போட்டு, பதிவேட்டு விதிகளை ஆண்டுக்காண்டு இறுக்கிக்கொண்டிருந்தது. அந்த விதிகளைப் பழைய வழக்குகள்மேல் பின்னோக்கி ஏற்றியது தண்டனைதான், அரசியலமைப்புக்கு எதிரானதுதான் என்று 2016இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இணையதளம் நடத்துவது மலிவு. ஆய்வகத்துக்கு ஆள் போடுவதற்கும் காவலர்களைப் பெண்கள் சொல்வதை நம்பப் பழக்குவதற்கும் காசும் மனமும் வேண்டும்.

நம் நாட்டிலும் பட்டியல் இருக்கிறது. 2018 செப்டம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது, தொடக்கத்திலேயே 4.4 லட்சம் பதிவுகள். காவல்துறையினர் மட்டுமே பார்க்கலாம். அதைப் பொதுமக்களுக்குத் திறக்க வேண்டும் என்பதுதான் இன்றைய கூச்சல். தமிழ்நாட்டில் நின்று இதைக் கேட்கும்போது எனக்கு வேறொரு பட்டியலும் நினைவுக்கு வருகிறது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஊர் ஊராகக் கைரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன பட்டியல். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அது பிறப்பை வைத்துப் போட்ட பட்டியல், இது தண்டனையை வைத்துப் போடுவது. இரண்டும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் பதிவேடு வைத்திருக்கும் காவல் நிலையத்துக்கு எந்தத் தெருவில் முதலில் நுழையத் தோன்றும் என்பது நமக்குப் பழகிய சேதி.

இங்கே அரசு எந்தப் பெயரைப் பாதுகாக்கிறது, எந்தப் பெயரைக் கசிய விடுகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2019இல் பொள்ளாச்சி வழக்கில் மாவட்டக் காவல் அதிகாரி செய்தியாளர்களிடம் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் பெயர் இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்த கொடுமையில், அவள் அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை வெளியே போனது. மறுபடி உயர் நீதிமன்றம், மறுபடி 25 லட்சம். அந்தக் குற்றவாளிமீது ஏற்கெனவே பல வழக்குகள் இருந்தன. காவல்துறைக்கு அவன் புதியவன் இல்லை. தெரிந்தும் அவன் வளாகத்துக்குள் நடமாடினான். இப்படிப்பட்ட கைகளில் இன்னொரு பட்டியலைக் கொடுத்து அதை ஊருக்கும் திறந்துவிடச் சொல்கிறோம்.

2017இல், கல்விப்புலத்தில் சீண்டிய ஆண்களின் பெயர்களை முகநூலில் வெளியிட்ட பட்டியல் ஒன்று வந்தபோது பெண்ணியவாதிகளே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டோம். அந்தச் சண்டை முடியவில்லை, முடியவும் வேண்டாம். ஆனால் அது, கேட்க ஆளில்லாத பெண்கள் தமக்குள் எச்சரித்துக்கொண்டது. கேட்க வேண்டிய பொறுப்பில் இருக்கும் அரசு, கேட்காமலே இருந்துவிட்டு, கடைசியில் பட்டியல் போட்டுத் தருகிறேன் என்பதை அதோடு சேர்க்க முடியாது.

என் மாணவிகளுக்குச் சொல்கிறேன். உங்கள் கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா, அதில் வெளி உறுப்பினர் யார், கடந்த ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்று கேளுங்கள். உங்கள் மாவட்டத்து போக்சோ நீதிமன்றத்தில் எத்தனை வழக்குகள் நிலுவை, தடய ஆய்வகத்தில் எத்தனை மாதிரிகள் எத்தனை மாதமாகக் காத்திருக்கின்றன என்று கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள். அரசு நிறுவனமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய்.